பினாங்கில் ஒன்பது மணி நேரம்

போன இதழில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு நாள் கப்பல் பயணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றித்தான். மலேசியாவின் பினாங்குத் தீவு. கப்பல் காலையில் போய் நிற்கும், மாலையில் கிளம்பும், அதற்குள் என்ன செய்வது என்பதே எல்லாருக்கும் கேள்வி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: பயணிகள் கப்பல்களில் இருபத்தொரு வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கேங்வே டியூட்டி. அதாவது கப்பலிலிருந்து இறங்கும் வாசலில் நின்று, யார் வெளியே போனார், யார் திரும்பி வந்தார் என்று அட்டையைத் தட்டிக் கணக்கு வைக்கிற வேலை. பினாங்கில் எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கிடைத்தது மூன்று மணி நேரம், மிஞ்சிப்போனால் நாலு. அதனால் நேர விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

கோவை வாசகர்: எங்கள் கப்பல் காலை 8 மணிக்குப் பினாங்கு சேர்கிறது, மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. நான், மனைவி, பத்து வயது மகள், 68 வயது அம்மா. ஒன்பது மணி நேரம் இருக்கிறதே என்று பினாங்கு ஹில், கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன், தெலுக் பஹாங்கில் பட்டாம்பூச்சிப் பூங்கா, லிட்டில் இந்தியா, சுவரோவியத் தெரு என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும்?

எந்த வரிசையில் போனாலும் முடியாது சார். முதலில் அந்த ஒன்பது மணி நேரத்தை எண்ணிப் பார்ப்போம். எட்டு மணி என்பது கப்பல் கரையில் கட்டும் நேரம். ஊர் அதிகாரிகள் அனுமதி தந்து, வரிசை நகர்ந்து, நாலு பேரும் வெளியே வந்து நிற்கும்போது மணி ஒன்பதை நெருங்கியிருக்கும். மாலை ஐந்து என்பது கயிற்றை அவிழ்க்கும் நேரம். பயணிகள் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். உங்கள் அறைக்கு வரும் தினசரித் தாளில் ‘ஆல் அபோர்டு’ என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள், அதுதான் உங்கள் கெடு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் நிற்பவர்தான் நிம்மதியாக இருப்பார். கூட்டிக் கழித்தால் ஆறு ஆறரை மணி நேரம். சாப்பாடு, கழிப்பறை, அம்மா கொஞ்சம் உட்கார்ந்து எழுவது எல்லாம் போக, கையில் ஐந்து.

இந்த ஐந்து மணி நேரத்தில் உங்கள் பட்டியலைத் தொட்டால் நீங்கள் பார்க்கப்போவது கார் சீட்டின் முதுகைத்தான். பட்டாம்பூச்சிப் பூங்கா தீவின் வடமேற்கு மூலையில். பினாங்கு ஹில் நடுவில். கப்பல் நிற்பது கிழக்குக் கரையில். பட்டாம்பூச்சியை அடித்துவிடுங்கள். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திட்டு எனக்கே வரட்டும்.

மிச்சத்தில் மலையா, ஊரா என்று ஒன்றைத்தான் எடுக்கலாம். நான் ஊர் என்பேன். காரணம், கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. இது எல்லா இடத்திலும் கிடைக்கிற பாக்கியம் இல்லை. கோலாலம்பூர் என்று விளம்பரத்தில் போடுவார்கள், கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரம் சாலையில் போக வேண்டும். தாய்லாந்தின் புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். பினாங்கில் கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர் வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அப்படியே காலடியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து எங்கேயோ ஓடுவானேன்?

வெளியே வந்ததும் கண்ணில் படுவது வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதற்காக, வருஷத்துக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரத்தில் ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. கட்டி முடித்தபோது 1902. ராணி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். உற்றுப் பார்த்தால் கொஞ்சம் சாய்ந்திருக்கும், இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததால் என்பார்கள். மகளிடம் காட்டுங்கள், சாய்வைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வாள். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். என் கருத்தில் அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே வெயிலும் மதில் சுவரும்தான்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் குவீன் தெரு மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்தது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே முதல் வேலையாக இங்கே போய்விடுங்கள். அடுத்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள் எழுப்பியது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் வெளியாட்களை விடுவார்கள், தோளும் காலும் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கியே தருவார்கள். இதே சாலையை ஒட்டி 1818-ஆம் வருஷத்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலும் உண்டு. நாலும் நடக்கிற தூரத்துக்குள்.

அப்புறம் ஆர்மீனியன் தெரு. நீங்கள் சொல்லும் சுவரோவியங்கள் இந்தப் பக்கம்தான். சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற படம் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரேவிச் என்ற லிதுவேனியக் கலைஞர் வரைந்தது. சைக்கிள் நிஜமானது, சுவரில் பதித்திருக்கும். பிள்ளைகள் மட்டும் ஓவியம். பத்து மணிக்குள் போனால் உங்கள் மகள் பக்கத்தில் நின்று நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றுக்குப் போனால் உங்கள் கப்பலில் வந்தவர்களே அங்கே வரிசையில் நிற்பார்கள், காலை டிபனில் பார்த்த அதே முகங்கள். பக்கத்துச் சந்தில் கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகை. கட்டணம் கொடுத்து உள்ளே போகத் தகுதியான இடம் எதுவென்று கேட்டால் இந்த ஒன்றைச் சொல்வேன். கூரையைப் பார்த்தே கழுத்து வலிக்கும்.

கடைசியாகச் செவ் ஜெட்டி. கடலுக்குள் கால் நட்டு, பலகை பாவி, அதன்மேல் வீடுகள். செவ் என்ற ஒரே குலப்பெயர் உள்ளவர்களின் குடியிருப்பு. மனிதர்கள் இன்றும் வாழ்கிற வீடுகள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். அங்கே இருந்து ஒரு டாக்ஸி பிடித்து லிட்டில் இந்தியாவில் சாப்பாடு, சாப்பிட்டதும் கப்பல்.

அம்மா இவ்வளவும் நடக்க வேண்டாம். மணிக்கூண்டு பக்கத்திலேயே பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும். இங்கே பயணி முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார். அம்மாவும் பேத்தியும் அதில் வரட்டும், நீங்கள் இருவரும் நடங்கள். ஏறுவதற்கு முன்பே எத்தனை மணி நேரம், எவ்வளவு ரிங்கிட் என்று பேசி முடித்துவிடுங்கள். நடப்பவர்களுக்கு ஒரு வசதி: பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கும். அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்பார்கள், ஐந்தடி அகலம் என்ற கணக்கு. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் குடை. என்ன, நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார், இறங்கி ஏற வேண்டும்.

திருச்சி வாசகி: நாங்கள் இளம் தம்பதி. எங்களுக்குப் பினாங்கு ஹில்தான் வேண்டும். ரயிலில் மலை ஏறுவது என் ஆசை. முடியவே முடியாதா?

முடியும் அம்மா. முந்தின பதில் அறுபத்தெட்டு வயது அம்மாவுக்காகச் சொன்னது. மலை மட்டும் என்று முடிவெடுத்தால் தாராளமாக முடியும். கூடவே வேறு எதையும் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கம்பியிழு ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. 2011-இல் புதுப் பெட்டிகள் போட்டார்கள், இப்போது சில நிமிஷத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மேலே போனதும் காற்று மாறும். கீழே சட்டை ஒட்டிக்கொண்டிருந்த உடம்புக்கு அது பெரிய ஆறுதல். ஜார்ஜ் டவுன் முழுக்கத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் உங்கள் கப்பலும் தீப்பெட்டி அளவில் தெரியும். உச்சியில் ஒரு முருகன் கோயிலும் உண்டு.

எல்லாரும் ஏறுகிற வரிசையைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். நான் இறங்குகிற வரிசையைப் பற்றி எச்சரிக்கிறேன். என் கதையையே கேளுங்கள். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், பினாங்கில் நாலு மணி நேரம் லீவு கிடைத்தது. பஸ் பிடித்து மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் போய், மலை ஏறி, ஒரு டீ குடித்து, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்தது. மலைமேல் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கீழே போகும் எண்ணம் வந்துவிட்டது. ஏறும்போது கூட்டம் விட்டு விட்டு வரும், இறங்கும்போது மொத்தமாக வரும். வரிசையில் ஒரு மணி நேரம். கீழே வந்தால் மழையில் டாக்ஸி இல்லை. கப்பலுக்கு வந்தபோது ஊழியர்களுக்கான கெடு தாண்டி இருபது நிமிஷம். கேங்வேயில் நின்றது என் சொந்த மேலதிகாரி. என் பெயரை நானே தாமதப் பட்டியலில் எழுத வேண்டியதாகப் போயிற்று. எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது.

ஆகவே கப்பலிலிருந்து முதல் ஆட்களாக இறங்குங்கள். நேரே மலை. பகல் பன்னிரண்டு மணிக்கு, மழை வருகிறதோ இல்லையோ, கீழே வந்துவிடுங்கள். பிறகும் தெம்பு இருந்தால் கெக் லோக் சி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே முப்பது மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலையைப் பார்க்கலாம். பயணத்துக்கு முந்தின வாரம் ரயில் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பராமரிப்புக்காக நிறுத்துவது உண்டு. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் உங்கள் ஆசையை அடுத்த பயணத்துக்குத் தள்ளுங்கள்.

சென்னை வாசகர்: கப்பலிலேயே விற்கும் சுற்றுலா டிக்கெட் எடுப்பதா, நாமே போவதா?

கப்பல் டிக்கெட்டில் நீங்கள் வாங்குவது பஸ்ஸையோ வழிகாட்டியையோ அல்ல, நேரத்துக்கான உத்தரவாதத்தை. அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. தொலைவான இடத்துக்குப் போவதென்றால் அந்தக் காசு கொடுக்கலாம். நடந்து சுற்றுகிற ஜார்ஜ் டவுனுக்கு எதற்கு? அதுவும் அந்தச் சுற்றுலாக்களில் நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்குவதற்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் மணி நேரம் போகும்.

மதுரை வாசகி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பினாங்கு சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர் என்கிறார்கள். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் என்கிற மார்க்கெட் தெருவில் நுழைந்தால் பிரச்சினையே இல்லை. பலகையே தமிழில் இருக்கும். வாழை இலைச் சாப்பாடு, தோசை, எல்லாம் உண்டு. தமிழிலேயே “சைவமா?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

கவனம் தேவைப்படுவது அந்தத் தெருவுக்கு வெளியே. பினாங்கில் பேர் போனது என்று சொல்லும் அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீனில்தான். சார் குவே தியா என்கிற வதக்கிய நூடுல்ஸில் இறாலும் சிப்பியும் இருக்கும், பல கடைகளில் பன்றிக் கொழுப்பும். வெறும் கீரை வதக்கல்தானே என்று நம்பி வாங்கினால் அதில் பெலாச்சான் போட்டிருப்பார்கள், இறாலைக் காயவைத்து இடித்த விழுது. வாசனையிலேயே தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் தட்டு வந்துவிட்டிருக்கும்.

நீங்கள் தைரியமாக ருசிக்கக்கூடிய பினாங்குப் பண்டம் செண்டோல். துருவிய ஐஸ், தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் அரிசி மாவுப் புழு மாதிரி ஒன்று, கொஞ்சம் சிவப்பு பீன்ஸ். பினாங்கு ரோட்டை ஒட்டிய சின்னச் சந்தில் விற்கும் கடைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். இன்னொன்று ஜாதிக்காய்ச் சாறு. நம் ஊரில் ஜாதிக்காயைப் பிரசவ மருந்துப் பெட்டியில் வைத்திருப்போம், அங்கே ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கும், என்னோடு வேலை பார்த்த யாருக்கும் பிடித்ததில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்து ஏமாற வேண்டாம். உங்களுக்கு நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி போல ஒரு கம்பைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்புகள் என்று தூக்கிக்கொண்டு விற்றது. கண்டார் என்பது அந்தக் கம்பைக் குறிக்கிற சொல். “பஞ்சிர்” என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் மலாய் மொழியில் வெள்ளம்தான்.

காசு விஷயம்: ஒரு ரிங்கிட் நம் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். கப்பலில் மாற்றாதீர்கள். பள்ளிவாசல் சாலையிலும் லிட்டில் இந்தியாவிலும் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் தமிழே பேசுவார்கள்.

சேலம் வாசகர்: கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்? உண்மையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

போய்விடுவார்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன். கடைசி அரை மணியில் வராதவர்கள் பட்டியல் என் கையில் இருக்கும். கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், சில நேரம் ஆள் உள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பார், அட்டை தட்டியது பதிவாகியிருக்காது. அப்படியும் கிடைக்கவில்லை என்றால் அவர் அறைக்குப் போய், பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து, கரையில் இருக்கும் போர்ட் ஏஜென்ட், அதாவது கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஆள், அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாலத்தை இழுத்துவிடுவோம். அடுத்த ஊர் வரை போகிற செலவு அவருடையது. பினாங்குக்கு அடுத்து சிங்கப்பூர் என்றால் விமானத்தில் ஒன்றரை மணி நேரம். விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில்.

தாமதமாக வருகிறவர்களில் சோம்பேறிகள் குறைவு சார். அதிகம் பேர் கடிகாரத்தில் ஏமாந்தவர்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்கும், உங்கள் போன் கரைக்குப் போனதும் தானாக மாறிக்கொள்ளும். போனில் மணி நாலு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. புக்கெட்டில் ஒரு குடும்பம் கையில் ஐஸ்க்ரீமோடு சிரித்துக்கொண்டு வந்ததும், எங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போனதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. கடைசிப் படகுக்காக ஆளை நிறுத்திவைத்திருந்ததால் தப்பித்தார்கள். வீட்டில் பழைய முள் கடிகாரம் ஒன்று இருந்தால் எடுத்துப்போங்கள். கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டால் அது தன்னிஷ்டத்துக்கு மாறாது.

பினாங்கில் இன்னொரு குழப்பம். திரும்பும்போது கிராப் டிரைவரிடம், அதாவது போனில் கூப்பிடுகிற டாக்ஸிக்காரரிடம், “ஜெட்டி” என்று சொல்லாதீர்கள். ஜெட்டி என்றால் அந்த ஊரில் வெல்ட் கீயில் உள்ள பெர்ரி நிலையம், அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். “ஸ்வெட்டன்ஹாம் பியர், குரூஸ் டெர்மினல்” என்று முழுதாகச் சொல்லுங்கள். வாயில் நுழையவில்லை என்றால் மணிக்கூண்டு படத்தைப் போனில் காட்டுங்கள்.

இறங்கும்போது கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், அந்த நாளின் தினசரித் தாள் மூன்றும் பையில் இருக்கட்டும். தாளில் ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைப்பதா என்பதைக் கப்பலில் சொல்கிறபடி செய்யுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

ஈரோடு வாசகர்: மலேசியாவுக்கு விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பச் சொன்னால் பயணத்துக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நிரப்புங்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் முக்கியம். சிங்கப்பூர் விசா. விமானத்தில் சிங்கப்பூருக்குள் நுழைவது ஒரு தடவை, கப்பலில் பினாங்கு போய்த் திரும்பி நுழைவது இரண்டாவது தடவை. விசாவில் பலமுறை நுழையலாம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். டிக்கெட் போடும் முகவரிடம் இதை வாயால் கேட்டால் போதாது, விசாத் தாளை நீங்களே எடுத்துப் படியுங்கள்.

திருவாரூர் வாசகர்: எனக்கு 71 வயது. என் அப்பா 1950-களில் ரஜூலா கப்பலில் பினாங்கு போய், சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையில் ஆறு வருஷம் கணக்கு எழுதினார். கடையின் பெயர் எனக்கு ஞாபகமில்லை. மகன் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும். மற்ற எதுவும் வேண்டாம்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் ஊர் நாகப்பட்டினம். ரஜூலா 1926-இல் கடலில் இறங்கிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது, ஆழம் போதாது. கடலில் தள்ளி நிற்கும், ஆட்களையும் மூட்டையையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். என் தாத்தா ஏறிப் போனதைக் கரையிலிருந்து பார்த்ததாக அம்மா சொல்வாள். எது கப்பல், எது அப்பா என்று தெரியாமல் கை காட்டிக்கொண்டே நின்றாளாம். ஐந்தாறு நாள், மேல்தட்டில் பாய் விரித்து. நீங்கள் ஏசி அறையில் போகப்போகிறீர்கள், அதுவும் சரிதான்.

சூலியா தெரு அப்படியே அதே பெயரில் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியா என்றார்கள், அந்தப் பெயர்தான் தெருவுக்கும். துறைமுகத்திலிருந்து நடந்தால் உங்கள் வயதுக்குக் கால் மணிக்கு மேல் ஆகாது. கடல் பக்கத்து முனையிலிருந்து தொடங்கி மெதுவாக உள்ளே போங்கள். வழியில் நாகூர் தர்கா வரும். ஆமாம், நம் நாகூர் ஆண்டவர் பெயரில்தான். 1800-களின் தொடக்கத்தில் கட்டியது. முதல் தடவை அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கொஞ்ச நேரம் கால் நகரவில்லை. கடல் கடந்து போனவர்கள் ஊரையே மடித்து எடுத்துப் போயிருக்கிறார்கள். உங்கள் அப்பா தினமும் அதைக் கடந்துதான் கடைக்குப் போயிருப்பார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. வீட்டில் அப்பா எழுதிய பழைய ஏர்மெயில் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தகரப் பெட்டி, பீரோ அடி எல்லாம் தேடுங்கள். உறையின் பின்பக்கம் அனுப்புகிறவர் முகவரி எழுதியிருப்பார், பெரும்பாலும் கடை முகவரிதான் இருக்கும். எண் கிடைத்தால் போய்த் தேடலாம். கிடைக்கவில்லை என்றால் தேடாதீர்கள், தெரு முழுக்க நடங்கள், போதும். அப்பாவின் படம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். மார்க்கெட் தெருவில் வயதான கடைக்காரர் யாரையாவது பார்த்துத் தமிழில் பேச்சுக் கொடுங்கள். அந்தக் கடை தெரியாவிட்டாலும் அந்தக் காலம் தெரிந்திருக்கும், உட்காரச் சொல்லி தே தாரிக் வாங்கித் தருவார்கள். அது இழுத்து ஆற்றுகிற டீ, நம் மாஸ்டர் ஆற்றுவது போலத்தான்.

காலையில் வெயிலுக்கு முன்னால் போய்விட்டு, பதினொன்றரைக்குள் கப்பலுக்குத் திரும்புங்கள். மாலையில் கப்பல் கிளம்பும்போது மேல்தளத்துக்கு ஏறி ஊர் இருக்கும் பக்கமாக நில்லுங்கள்.

நாமக்கல் வாசகர்: தண்ணீர்மலை முருகனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

காரில் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். 513 படி. முழங்கால் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து மீதி. கப்பல் நாள் தைப்பூசத்தில் விழுந்தால் அந்தப் பக்கம் காரே போகாது, ஆனால் அதைவிட நல்ல நாளும் கிடையாது. வேறு நாளில் போனால் பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, நிழல் இருக்கும், குரங்குகளும் இருக்கும்.

கரூர் வாசகி: பினாங்கில் என்ன வாங்கி வரலாம்? டுரியான் வாங்கலாமா?

ஜாதிக்காய் மிட்டாய், ஜாதிக்காய்த் தைலம், வெள்ளை மிளகு வாங்கலாம். எடை குறைவு, வீட்டில் பயன்படும். சிங்கப்பூர் வழியாகத் திரும்புவதால் சூயிங் கம் வேண்டாம், சிகரெட்டுக்கும் அங்கே வரிவிலக்கு இல்லை.

டுரியான் பற்றி: முள் தோலும் ஊரைக் கூட்டும் வாசனையும் உள்ள பழம். ஜூன், ஜூலையில் போனால் தெருவோரம் குவித்து வைத்திருப்பார்கள். கப்பலுக்குள் அதற்கு அனுமதி கிடையாது. நாலு பாலிதீன் பையில் சுற்றினாலும், துணிமூட்டைக்கு நடுவில் வைத்தாலும், மேலே சென்ட் அடித்தாலும் கேங்வேயில் நிற்பவனுக்கு நீங்கள் இருபதடி தள்ளி வரும்போதே தெரிந்துவிடும். ஒருவர் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார். “பேபி டயப்பர்” என்றார். நானும் நம்புவதாக முகத்தை வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டியைக் காட்டினேன். அவர் போடவில்லை. கப்பலை விட்டு இறங்கி, கரையிலேயே உட்கார்ந்து, ஒரு சுளை விடாமல் தின்று முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து ஏறினார். கெடுவுக்குப் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது.